சுவத்துல மாட்டின வாத்தியார்: சாண்டோ முதல் டோனல் வரை

போன மாசம் ஒரு சனிக்கிழமை. எதிர் அபார்ட்மெண்ட் நண்பர் நியூ ஜெர்சி குளிருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டு ஊருக்கே திரும்பிப் போறார். சோபா, மைக்ரோவேவ், மிக்ஸி எல்லாம் வித்தாச்சு. கடைசியா மிச்சம் இருந்தது ஆளுயர ஸ்மார்ட் ஹோம் ஜிம் ஒண்ணு. "வாங்கின விலையில கால்வாசி குடுங்க பாஸ், போதும்"னார்.

ப்ளக்கைச் சொருகினோம். அழகா லோகோ வந்துது. அடுத்து லாகின் பக்கம். அண்ணாச்சி முந்தின வாரமே சந்தாவை கேன்சல் பண்ணிட்டார். அதுக்கு மேல ஒரு இஞ்ச் நகரலை. பொட்டி தட்டிப் பொழைக்கிற ரெண்டு பேர், மொத்தம் 15 வருஷ அனுபவம், அரை மணி நேரம் முட்டி மோதியும் ஒண்ணும் கதைக்கு ஆகலை. (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. கீழ வரப்போற பெரிய பேர்கள்ல எதுவும் இல்ல.)

எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலைன்னு கேப்பீங்க. வயசு 28. ஆளைப் பாத்தா குண்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா போன செக்கப்ல ஹெச்பிஏ1சி 6.0 காட்டுது. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் சர்க்கரை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம். அப்பாவுக்கு 38 வயசுல சர்க்கரை, 51ல ஸ்டென்ட். நம்ம ஊர் உடம்புக்கு, தொப்பை பெருசா இல்லேன்னாலும், சின்ன வயசுலயே சர்க்கரை எட்டிப் பாக்கும்கறது டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். "நடக்கறது மட்டும் பத்தாது. வாரத்துல ரெண்டு மூணு நாள் எடை தூக்கு. ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கற பெரிய டேங்க் உன் தசைதான்"னு டாக்டர் சொல்லிட்டார். ஜிம் கார்ல 25 நிமிஷம். வெளிய பனி. ஆபீஸ்ல ஆணி. அதனால வீட்டுலயே ஒரு ஜிம் வெச்சுடலாம்னு முடிவு பண்ணினேன்.

இன்ஜினியர் இல்லையா, உடனே எக்செல் ஷீட் திறந்தாச்சு. விலை, மாசச் சந்தா, அதிகபட்ச எடை, அடைக்கிற இடம், சத்தம்னு 14 காலம். அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் 15வதா ஒண்ணு சேத்தேன்: "சர்வர் நின்னா என்ன மிச்சம்?"

அந்த ஒரு காலத்தை நிரப்பப் போய்தான் 150 வருஷ வரலாறுக்குள்ள விழுந்தேன். பதிவு கொஞ்சம் நீளம் மக்களே. காபி எடுத்துட்டு வந்துடுங்க.

ஆள் பத்தலை, அதனால மெஷின்

உடற்பயிற்சி மெஷினோட கதை எங்க தொடங்குதுன்னு தேடினா, ஸ்வீடன் போகணும். 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பெர் ஹென்ரிக் லிங்னு ஒருத்தர் அங்க ஒரு உடற்பயிற்சி முறையை உருவாக்கினார். 1813ல ஸ்டாக்ஹோம்ல அதுக்குன்னே ஒரு கல்வி நிலையமும் வந்தது. அதுல ஒரு பகுதி வைத்தியம். நீங்க கையை மடக்கும்போது பயிற்சியாளர் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பார். எவ்வளவு இழுக்கணும், எப்ப விடணும்கறது அவர் கைக்குத் தெரியும். முறை நல்ல முறைதான். ஆனா ஒரு நோயாளிக்கு ஒரு ஆள் வேணும். நம்ம பாஷையில சொன்னா, ஸ்கேல் ஆகாது.

குஸ்டாவ் சாண்டர் என்ற டாக்டர் அந்தப் பயிற்சியாளரின் கைக்குப் பதிலாக நெம்புகோலையும் எடையையும் வைத்தார். 1865ல் ஸ்டாக்ஹோமில் 27 மெஷின்களோடு அவருடைய நிலையம் திறந்தது. எடையை நெம்புகோலில் முன்னே பின்னே நகர்த்தி, ஆளுக்குத் தகுந்த மாதிரி எதிர்ப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். 1912ல் கிளம்பிய டைட்டானிக் கப்பலின் ஜிம்மில் இருந்த மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் இந்த வம்சம்தான். ஒட்டகத்து மேல உக்காந்து உடம்பு குறைக்கற ஐடியா நமக்கு முன்னாடியே பணக்காரங்களுக்கு வந்துடுச்சு :-)

கவனிங்க, முதல் மெஷின் பிறந்ததுக்குக் காரணம் இரும்புப் பஞ்சம் இல்ல, வாத்தியார் பஞ்சம். இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஆனா சாண்டர் மெஷின் ஒவ்வொண்ணும் பெரிய சைஸ் தளவாடம். வீட்டுக்குள்ள வராது. அப்ப இங்கிலாந்து வீடுகள்ல என்ன இருந்துது? நம்ம கர்லாக்கட்டை! இங்க மல்லர்கள் சுத்தறதைப் பாத்த வெள்ளைக்காரங்க, 'இந்தியன் கிளப்'னு பேர் வெச்சு ஊருக்குக் கொண்டு போனாங்க. 1834லயே லண்டன்ல வந்த உடற்பயிற்சிப் புத்தகத்துல அதுக்குப் பாடம் இருக்கு. 1860கள்ல நியூயார்க்ல சிம் கெஹோங்கறவர் அதைக் கடைஞ்சு வித்து, புத்தகமும் போட்டார். கட்டை ஒண்ணு, கத்துக்கப் புத்தகம் ஒண்ணு. ஹோம் ஜிம்மோட ஃபார்முலா அப்பவே ரெடி.

சாண்டோ வந்தார்

இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி. யூஜென் சாண்டோ. 1867ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். மேடையில் எடை தூக்கி, உடம்பைக் காட்டிப் பேர் வாங்கியவர். 1897ல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். 1901ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய கட்டழகுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய ஆர்தர் கானன் டாயில். 1904-05ல் இந்தியாவுக்கும் வந்துட்டுப் போனார்.

நம்ம ஊர்ல அந்தப் பேர் எவ்வளவு ஆழமா இறங்குச்சுன்னு தெரிஞ்சுக்க, டைட்டில் கார்டு பாத்தாப் போதும்: சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். எம்.ஜி.ஆரை வெச்சு வரிசையா படம் எடுத்த கோயமுத்தூர்க்காரர், இளவயசுல உடற்பயிற்சிப் பைத்தியம். ஒரு ஜெர்மன்காரரோட மேடைப்பேரு, கொங்கு நாட்டுல பட்டமா ஆயிடுச்சு.

ஆனா எனக்கு சாண்டோவோட தசையை விட அவரோட வியாபாரம்தான் சுவாரசியம். 1900 வாக்குல அவர் பேர்ல 'டெவலப்பர்'னு ஒண்ணு வித்தாங்க. சுவத்துலயோ கதவுலயோ மாட்டற ரப்பர் கயிறு, ரெண்டு கைப்பிடி, கூடவே மாட்டி வெச்சுக்க ஒரு பயிற்சிச் சார்ட். படத்தைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னா 2018ல 2,995 டாலருக்கு வந்த டோனலோட எலும்புக்கூடு அப்படியே அதுதான். சுவர், கயிறு, ரெண்டு பிடி, எதிர்ல ஒரு படம்.

இன்னொரு சரக்கு, ஸ்பிரிங் கிரிப் டம்பெல். நீளவாக்குல ரெண்டாப் பிளந்த டம்பெல், நடுவுல ஸ்பிரிங். கையை ஆட்டும்போதெல்லாம் ரெண்டு பாதியையும் சேத்து அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஏன்? வெறும் டம்பெல்லை எங்கயோ யோசிச்சுக்கிட்டே ஆட்டலாம். இதுல கவனம் போச்சுன்னா பிடி விரிஞ்சுடும், உங்களுக்கே தெரிஞ்சுடும். வாத்தியார் பக்கத்துல இல்லாதபோது "டேய், கவனி"ன்னு சொல்ற வேலையை ஸ்பிரிங்கிட்ட குடுத்துட்டார் மனுஷன். சென்சார் இல்லாத காலத்து சென்சார்.

தபால்ல வாத்தியார், டிவில வாத்தியார்

அடுத்த தாவல் அமெரிக்கா. ஏஞ்சலோ சிசிலியானோ என்ற இத்தாலியக் குடியேறி, சார்லஸ் அட்லஸ் ஆனார். 1920களில் தொடங்கிய அவருடைய தபால் கோர்ஸில் கருவியே கிடையாது! ஒரு கையை இன்னொரு கையால் எதிர்த்துத் தள்ளும் பயிற்சி, 12 பாடமாகத் தபாலில் வரும். கடற்கரையில் ஒல்லிப்பிச்சான் முகத்தில் பலசாலி மண்ணை வாரி இறைக்கிற அந்த காமிக்ஸ் விளம்பரம் பல தலைமுறைக்கு ஓடியது. இரும்பே இல்லாம வாத்தியாரை மட்டும் வித்துக் காசு பாக்கலாம்னு நிரூபிச்சது அட்லஸ்தான். இன்னிக்கு 'கன்டென்ட் சந்தா'ன்னு சொல்றோமே, அதோட தாத்தா.

1951ல் ஜாக் லலேன் சான் பிரான்சிஸ்கோ டிவியில் வந்தார். 1959ல் நாடு முழுக்க. நிகழ்ச்சி 1985 வரை ஓடியது. ஒரு நாற்காலி, ஒரு நாய், ஒரு மனுஷன், அவ்ளோதான் செட்டு. வீட்டில் இருந்த பெண்களைப் பார்த்து, எழுந்திரிச்சு நில்லுங்க என்றார். அவரும் சும்மா இல்ல, இழுக்கற ரப்பர் கயிறு ஒண்ணு வித்தார் :-) 1982ல் ஜேன் ஃபோண்டாவின் வீடியோ கேசட். இப்ப வாத்தியாரை நமக்கு வசதியான நேரத்துக்கு எழுப்பலாம், ரீவைண்டும் பண்ணலாம்.

வாத்தியார் கண்ணாடிக்குள்ள வந்துட்டார். ஒரே குறை. நம்ம அவரைப் பாக்கறோம், அவர் நம்மளைப் பாக்கலை.

கொசுவத்தி: அப்பாவின் புல்வொர்க்கர்

இப்ப சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். கரூர் வீட்டுப் பரண்ல, பித்தளை அண்டாவுக்கும் பழைய டேபிள் ஃபேனுக்கும் நடுவுல ஒரு சாமான் கிடக்கும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற ரெண்டு குழாய், ரெண்டு பக்கமும் கம்பிக் கயிறு. சின்ன வயசுல அதை ராக்கெட் லாஞ்சர்னு நினைச்சு விளையாடி இருக்கேன். அதான் புல்வொர்க்கர். 1960களோட தொடக்கத்துல ஜெர்மனில கெர்ட் கோல்பெல் வடிவமைச்சது. உள்ள கனமான ஸ்பிரிங். ரெண்டு முனையையும் அழுத்தலாம், கயிறை வெளிப்பக்கமா இழுக்கலாம். எவ்வளவு அழுத்தினோம்னு குழாய் மேலயே அளவு காட்டும். அழுத்தி, சில நொடி அப்படியே பிடிச்சு வெக்கணும். இன்னிக்கு வாட்ச்ல நம்பர் பாக்கற பழக்கத்துக்கு அதுதான் முன்னோடி.

நம்ம ஊர்ப் பத்திரிகைகள்லயும் அதுக்குப் பக்கம் பக்கமா விளம்பரம் வந்துது. அப்பா காலேஜ் முடிச்ச சமயத்துல, தாத்தாவுக்குத் தெரியாம வி.பி.பி.ல வரவழைச்சாராம். தபால்காரர் நேரா தாத்தாகிட்டயே பணம் கேட்டது தனிக்கதை.

இந்தப் பதிவுக்காக அப்பாவுக்கு போன் போட்டு, பரண்ல பாக்கச் சொன்னேன். எடுத்துத் தொடைச்சு, அழுத்திப் பாத்துட்டுக் கூப்பிட்டார். "கயிறு துரு புடிச்சுப் போச்சு கண்ணு. ஆனா ஸ்பிரிங் அப்படியேதான் இருக்குது. சார்ட்டுகூட இருக்குது, ஓரத்துல மட்டும் பூச்சி அரிச்சிருக்குது." நாப்பது வருஷம் கழிச்சும் லாகின் கேக்காம வேலை செய்யுது! என் 15வது காலத்துக்கு முதல் நூத்துக்கு நூறு.

குதிச்சேன். "அப்ப ஏம்ப்பா விட்டீங்க?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலில்லை. அப்புறம் சொன்னார்: "எட்டு மாசம் செஞ்சேன். அப்புறம் வேலை கிடைச்சுது. ஒரு நாள் விட்டேன், ரெண்டு நாள் விட்டேன். அந்த சார்ட்டு ஒரு நாளாவது ஏன்டா நேத்து வரலைன்னு கேட்டுதா? கேக்கலை. பரணுக்குப் போயிடுச்சு."

எனக்கு அதுக்கு மேல குதிக்க வரலை. இந்த மனுஷனுக்கு அப்புறம் 38ல சர்க்கரை, 51ல ஸ்டென்ட்.

இரும்புலேர்ந்து மோட்டார் வரை

அப்பா புல்வொர்க்கரைப் பரண்ல போட்ட சமயத்துல, அமெரிக்காவுல ஹோம் ஜிம் பெரிய வியாபாரமா ஆயிட்டிருந்தது. 1970ல் ஆர்தர் ஜோன்ஸின் நாட்டிலஸ் மெஷின். சங்கு மாதிரி வளைந்த ஒரு கப்பி வழியாக, கை மடங்கும் கோணத்துக்கு ஏற்ப எடை கூடிக் குறையும். 1975ல் மின்னசோட்டாவில் எட் பால்ஸின் நார்டிக்ட்ராக், வீட்டுக்குள்ளேயே பனிச்சறுக்கு. 1978ல் ஜெர்ரி வில்சனின் சோலோஃப்ளெக்ஸ், எடைக்குப் பதில் ரப்பர் பட்டை. 1986ல் போஃப்ளெக்ஸ், எத்தியோப்பியாவில் பிறந்த டெசேமா ஷிஃபெராவ் வடிவமைத்தது, எடைக்குப் பதில் வளையும் கம்பி. எல்லாரும் எடையைத்தான் மாத்திக்கிட்டிருந்தாங்க. வாத்தியார் பழைய சார்ட்டாவோ கேசட்டாவோதான் இருந்தார்.

வாத்தியாருக்குக் கண் வந்தது வீடியோ கேம் புண்ணியத்துல. 2007 டிசம்பரில் ஜப்பானில் நின்டென்டோவின் வீ ஃபிட் வந்தது. பலகை மேல ஏறி நின்னா, உடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லும். 2 கோடிக்கு மேல் விற்றது. 2010ல் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட், ஆழம் பார்க்கும் கேமரா. கை எங்க, முட்டி எங்கன்னு கண்டுபிடிச்சுடும். இதுக்கு அப்புறம் வந்தவங்கதான் என் எக்செல்ல இருந்த நாலு பேர்.

பெலோட்டான். 2012ல் நியூயார்க்கில் தொடங்கியது. 2013ல் கிக்ஸ்டார்ட்டரில் 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2014லிருந்து சைக்கிளை அனுப்பியது. முதல் சைக்கிளோட இன்ஜினியரிங் எளிமையானது. சக்கரத்துக்கிட்ட காந்தம், குமிழைத் திருகினா காந்தம் நெருங்கும், சுழல் மின்னோட்டம் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். சாஃப்ட்வேருக்கு அதுல வேலையே இல்ல. அவங்க வித்த நிஜமான பொருள் திரையில இருந்த வகுப்பும், பக்கத்துல ஓடற பேர்ப்பட்டியலும். முன்பின் தெரியாத ஒருத்தர் உங்களை முந்தறது தெரிஞ்சா கால் தானா மிதிக்கும்.

மிரர். பாலே நடனக் கலைஞராக இருந்த பிரின் புட்னம் 2018ல் கொண்டு வந்தது. விலை 1,495 டாலர், மாசம் 39 டாலர். சுவரில் ஒரு கண்ணாடி, அதற்குள் திரையும் கேமராவும். எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணும் கிடையாது, முழுக்க முழுக்க வாத்தியார். அட்லஸோட கொள்ளுப்பேரன்.

டோனல். ஹார்ட்வேர் இன்ஜினியரான அலி ஓரடி 2015ல் தொடங்கி, 2018ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இங்க எடையே சாஃப்ட்வேர். கயிறு ஒரு மின்காந்த மோட்டார்ல சுத்தியிருக்கும், எவ்வளவு மின்சாரம் விடறோமோ அவ்வளவு எடை. முதல் மாடலில் 200 பவுண்ட், அதாவது சுமார் 90 கிலோ வரை. இரும்பால முடியாத வேலை ரெண்டு இதுக்குத் தெரியும். நீங்க திணறினா தானா எடையைக் குறைக்கும். இறக்கும்போது மட்டும் எடையைக் கூட்டும். லிங்கோட பயிற்சியாளர் கையால செஞ்சது இதேதான்! 1865ல நெம்புகோலா மாறின கை, 2018ல மறுபடி கையா மாறியிருக்கு. இன்ஜினியரா மயங்கிட்டேன். ஆனா கரண்ட் போனா எடை பூஜ்யம். டம்பெல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்ல. அப்புறம், சுவத்துக்குள்ள இருக்கற மரச்சட்டத்துல துளை போட்டு மாட்டணும். வாடகை வீட்டுக்காரன் நான், ஓனர் என்னையே மாட்டிடுவார்.

டெம்போ. 2020ல் 1,995 டாலருக்கு வந்தது. ஒரு அலமாரி, 42 இஞ்ச் திரை, முப்பரிமாண சென்சார். ஆனா எடை நிஜ இரும்புத் தட்டு. எத்தனை தடவை தூக்கினோம்னு எண்ணும், முதுகு வளைஞ்சா சொல்லும். கினெக்ட்டோட தங்கச்சி, சாண்டோவோட டம்பெல்லைக் கையில வெச்சிருக்கு.

பதினைந்தாவது காலம்

2020 மார்ச்சில் ஜிம்கள் பூட்டப்பட்டதும் இவங்க எல்லாருக்கும் அடிச்சது யோகம். 2021 ஜனவரியில் பெலோட்டானின் சந்தை மதிப்பு கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர். மிரரை லுலுலெமன் 2020லேயே 50 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அப்புறம் கதவு திறந்தது, ஜனங்க வெளிய வந்தாங்க. 2022 பிப்ரவரியில் பெலோட்டான் 2,800 பேரை வேலையை விட்டு அனுப்பியது, தலைவரும் பதவி விலகினார். அதே ஜூலையில் டோனல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களைக் குறைத்தது. லுலுலெமன், மிரருக்காக 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு எழுதி, 2023 கடைசியோடு கண்ணாடி விற்பதையே நிறுத்தியது. பாடம் நடத்தும் பொறுப்பு பெலோட்டானுக்குப் போனது. அந்தக் கண்ணாடியில் சந்தா இல்லேன்னா தலை சீவலாம்.

இதைவிட என்னை யோசிக்க வெச்சது 2021ல நடந்த ஒரு சம்பவம். பெலோட்டானின் டிரெட்மில்லில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. டஜன் கணக்கில் விபத்துப் புகார்கள் வந்தன. மே மாதம் மெஷினைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வெச்சிருக்கறவங்களுக்காக சாஃப்ட்வேர்ல ஒரு பூட்டு போட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பூட்டு சந்தாவோட பிணைஞ்சிருந்ததால, சந்தா இல்லாதவங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் போட்டு வாங்கின மெஷினே ஓடலை. சத்தம் கிளம்பினதும் மூணு மாசச் சந்தாவை இலவசமா குடுத்தாங்க. 2024ல் அமெரிக்காவில் பழைய பெலோட்டான் சைக்கிளைக் கைமாத்தி வாங்கி சந்தா போடறவங்களுக்கு 95 டாலர் தனிக் கட்டணமும் வந்தது. நான் சாஃப்ட்வேர் எழுதறவன். இந்த மாதிரி ஒரு 'இஃப்' கண்டிஷன் எழுத எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷம்.

பழைய இரும்பே தெய்வம்னு சொல்லவும் வரலை. போஃப்ளெக்ஸ் கம்பெனி 2024 மார்ச்சில் திவால் மனு போட்டது. 2025ல் எடையை மாத்திக்கற அவங்க டம்பெல்கள்ல தட்டு கழண்டு விழுதுன்னு சுமார் 38 லட்சம் டம்பெல்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. சர்வர் இல்லாத பொருளும் கால்ல விழும்.

ஷீட்டை நிரப்பினேன். பெலோட்டானின் முதல் சைக்கிள்: சர்வர் நின்னா மிதிக்கலாம், வகுப்பு இல்லை. மிரர்: கண்ணாடி. டோனல்: சந்தா இல்லாம எடையை மட்டும் வெச்சுத் தூக்கக் கம்பெனி வழி விட்டிருக்கு, ஆனா அந்த எடையும் அவங்க சாஃப்ட்வேர்தான். டெம்போ: கண் போகும், இரும்பு நிக்கும். அப்பாவின் புல்வொர்க்கர்: எல்லாம் நிக்கும்.

எல்லாம் நின்னும் என்ன பிரயோஜனம்? பரண்ல நின்னுது.

அங்கதான் 150 வருஷத்துக் கதை எனக்கு ஒரே வரியில பிடிபட்டுது. சார்ட் வீட்டோடயே இருக்கும், ஆனா "ஏன்டா நேத்து வரலை"ன்னு கேக்காது. சர்வர் கேக்கும், ஆனா வீட்டோடயே இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. லிங்கோட பயிற்சியாளர்கிட்ட கனமும் கேள்வியும் ஒரே ஆள்கிட்ட இருந்துது. சாண்டர் கனத்தை மட்டும் பிரிச்சு எடுத்தார். அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும், பிரிஞ்சு போன கேள்வியை எப்படியாவது திரும்ப ஒட்டப் பாக்கறாங்க. ஸ்பிரிங்ல, தபால்ல, டிவில, சர்வர்ல. நம்ம மாசாமாசம் 39, 49 டாலர் குடுக்கறது இரும்புக்கு இல்ல. நம்மளைக் கேக்க ஒரு ஆளுக்கு.

அப்ப ஒரே மெஷின்ல ரெண்டையும் வாங்கணும்னு என்ன கட்டாயம்? வாங்கப் போற யாரா இருந்தாலும் என் சிபாரிசு இதுதான்: கனம் உங்க சொந்தமா இருக்கட்டும், கரண்ட்டும் லாகினும் இல்லாம வேலை செய்யறதா இருக்கட்டும். கேக்கறவங்க தனியா, எப்ப வேணா மாத்திக்கற மாதிரி இருக்கட்டும். அது ஆப்பா இருக்கலாம், வகுப்பா இருக்கலாம், மனுஷனா இருக்கலாம்.

நான் என்ன பண்ணினேன்? ஷீட்டை மூடிட்டேன். பழைய சாமான் விக்கறவர்கிட்ட ரெண்டு ஜோடி டம்பெல், கதவுல மாட்டற ரப்பர் பட்டை ஒண்ணு, மொத்தம் 70 டாலர். சாண்டோ பாத்தா சிரிப்பார், அவர் சரக்கேதான். கேக்கற ஆள்? இங்க ராத்திரி எட்டரை, கரூர்ல விடிகாலை. அப்பாவை ஸ்டென்ட் வெச்ச டாக்டர் தினம் நடக்கச் சொல்லி வருஷக்கணக்காச்சு, பாதி நாள் டிமிக்கி. இப்ப வீடியோ கால் போட்டு போனை அலமாரியில சாய்ச்சு வெச்சுடறேன். நான் தூக்கறேன், அவர் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடியில நடக்கறார். அவர் எண்றார். அடிக்கடி தப்பா எண்றார், எட்டுக்கு அப்புறம் மறுபடி ஏழு. வேணும்னேதான் செய்யறார்னு எனக்கு ஒரு டவுட்.

போன செவ்வாய்க்கிழமை ஆணி அதிகம், கால் போடலை. ஒன்பது மணிக்கு போன் அடிச்சுது. எடுத்ததும் ஹலோகூட இல்ல.

"ஏன்டா கண்ணு, இன்னிக்கு வரலை?"

ஆறு வாரம் ஆச்சு. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம். நம்பர் எதுவா இருந்தாலும் இங்க வந்து சொல்றேன்.

டிஸ்கி 1: எதிர் அபார்ட்மெண்ட் நண்பர் அந்த ஆளுயரப் போர்டை யாருக்கும் விக்க முடியாம, கடைசியில குப்பைத்தொட்டி பக்கத்துல சாய்ச்சு வெச்சுட்டு ஃப்ளைட் ஏறிட்டார்.

டிஸ்கி 2: உங்க வீட்டுப் பரண்லயும் புல்வொர்க்கரோ, தாத்தாவோட கர்லாக்கட்டையோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எத்தனை மாசத்துல பரணுக்குப் போச்சுங்கறதையும் மறைக்காமச் சொல்லணும் :-)